மூன்றாவது டிஸ்க் எதற்கு?

மாணவர்களே! உங்கள் வீட்டுப் புகைப்படங்களும் பாட்டுகளும் நாலைந்து கைப்பேசிகளில் சிதறிக் கிடக்கின்றன அல்லவா? அவற்றை ஒரே கணினிப் பெட்டியில் சேர்த்து, வீட்டிலுள்ள எல்லோரும் வைஃபை வழியே பார்க்கலாம். அப்பெட்டிக்கு எந்தெந்த உறுப்புகளை வாங்குவது?

வேகமான பிராசசர் வேண்டும் என்றே பலரும் எண்ணுவர். கோப்பை எடுத்துக் கொடுப்பது எளிய வேலைதான். டிவிக்குப் புரியாத வடிவிலுள்ள படத்தை உடனுக்குடன் மாற்றித் தரும்போதுதான் பிராசசருக்கு உழைப்பு அதிகம். பெட்டி இரவும் பகலும் ஓடுவதால் மின்செலவைக் கணக்கிடுங்கள்: 60 வாட் என்றால் ஆண்டுக்கு 526 யூனிட், 15 வாட் என்றால் 131 யூனிட்.

மிச்சப் பணத்தை ஹார்டு டிஸ்கில் போடுங்கள். அது நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழலும் பொறி, என்றேனும் பழுதாகும். ஆகவே இரண்டு டிஸ்குகளைப் பொருத்தி, ஒன்றில் பதிவதெல்லாம் அக்கணமே மற்றதிலும் பதியுமாறு அமைப்பர்.

நானும் அப்படி அமைத்து நிம்மதியாக இருந்தேன். ஒருநாள் கைதவறி ஒரு தொகுப்பை அழித்துவிட்டேன். கண்ணாடி முன் நின்று நெற்றிப் பொட்டை அழித்தால், பிம்பத்தில் மட்டும் பொட்டு நிற்குமா? இரண்டு டிஸ்கிலும் போயிற்று. என் தந்தையார் பேசிய ஒலிப்பதிவு அதில்தான் இருந்தது.

எனவே மூன்றாவது டிஸ்க் ஒன்றின் விலையையும் இப்போதே பட்டியலில் சேருங்கள். மாதம் ஒருமுறை செருகிப் படியெடுத்து, கழற்றி, கூடுமானால் உறவினர் வீட்டில் வையுங்கள்.