ஒரு சட்டித் தண்ணீர்

சித்திரை, வைகாசி மாதங்களில் சிவகாசி வட்டாரத்தின் நண்பகல் வெயிலில் நடந்தவர்களுக்கே அதன் கடுமை விளங்கும். கரிசல் நிலம் பாளம் பாளமாய் வெடித்துக் கிடக்கும். கண்மாய்கள் வற்றிப்போகும். வேப்பமரத்து நிழலில் தவிட்டுக்குருவிக் கூட்டமொன்று அலகுகளைத் திறந்து இரைத்தபடி அமர்ந்திருக்கும். பசியால் அன்று; வெப்பத்தால். பறவைகளுக்கு நம்மைப்போல் வியர்வைச் சுரப்பிகள் இல்லை. மூச்சிரைத்து, உடலின் ஈரத்தை ஆவியாக்கியே அவை தம்மைக் குளிர்வித்துக்கொள்கின்றன. அவ்வாறு இழந்த நீரை மீண்டும் பெற ஓரிடம் இல்லாவிடில் அவற்றின் கதி என்ன?

இங்கே நாம் எண்ணிப் பார்க்கத்தக்க உண்மை ஒன்று உண்டு. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டியும் பட்டாசும் அச்சும் இம்மண்ணில் வேரூன்றியதற்கு மழை குறைந்த வறண்ட காற்றும் ஒரு காரணம். மருந்து உலரவும் தாள் காயவும் உதவுவது இவ்வெயிலே. நமக்குச் சோறிடும் அதே வறட்சிதான் குருவியின் தொண்டையை உலர்த்துகிறது. ஆகவே அக்குருவிக்கு நாம் சிறிது கடன்பட்டிருக்கிறோம் எனலாம்.

பனி பொழியும் நாடுகளில் குளிர்காலமே பறவைகளுக்குச் சோதனைக் காலம். இரை பனியில் புதைந்துவிடுவதால் மக்கள் தோட்டங்களில் தானியமும் கொழுப்பும் வைக்கின்றனர். நம் நாட்டிலோ நிலைமை வேறு. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப்பின் புல் விதைக்கும், பூச்சிகள் பெருகும். வடக்கேயிருந்து வாலாட்டிக்குருவியும் விருந்தினராய் வந்து சேரும். அப்போது நாம் பெரிதாய் உணவிட வேண்டியதில்லை. பார்த்து மகிழ்ந்தாலே போதும். நமது உதவி தேவைப்படுவது கோடையில்தான். அதுவும் தானியத்தைவிடத் தண்ணீரே முதன்மையானது. பூச்சி தின்னும் பறவைக்கு இரையிலேயே ஓரளவு ஈரம் கிடைத்துவிடும். உலர்ந்த மணிகளைக் கொத்தும் சிட்டுக்குருவிக்கும் புறாவுக்கும் அதுவும் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் ஒரு தவறு செய்தோம். பங்கு இல்லத்து முற்றத்தில் ஆழமான வாளி ஒன்றில் நீர் நிரப்பி வைத்துவிட்டு, நல்லது செய்தோம் என்று நிறைவடைந்தோம். மறுநாள் காலையில் தவிட்டுக்குருவிக் குஞ்சொன்று அதில் மூழ்கி இறந்து கிடந்தது. அதைக் கண்ட மூதாட்டி ஒருவர், பட்டாசு ஆலையில் நெடுங்காலம் சரம் பின்னியவர், நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. “சாமி, குருவிக்கு வாளி எதுக்கு? ஒரு சட்டி போதும்” என்றார். அவர் வீட்டிற்குச் சென்று பார்த்தோம். அத்தெருவில் குழாய்த் தண்ணீர் நாள்தோறும் வருவதில்லை. ஆயினும் வாயிற்படியருகே ஒரு மண்சட்டி. அதில் இரண்டு விரற்கடை நீர். நடுவே ஒரு கல். குடத்திலிருந்து முதலில் அச்சட்டிக்கு ஊற்றிவிட்டே அவர் உலை வைப்பாராம்!

அவரிடம் கற்றதைச் சொல்கிறோம். வாயகன்ற, ஆழமற்ற மண்சட்டியே சிறந்தது. சிறு பறவை நின்று குடிக்க அதில் ஒரு கல்லை இடுக. நிழலில், பூனை பதுங்க இயலாத வெளியில் வைக்க வேண்டும். நாள்தோறும் பழைய நீரைக் கொட்டி, சட்டியைத் தேய்த்துக் கழுவிப் புதுநீர் ஊற்ற வேண்டும். தேங்கிய நீரில் டெங்குக் கொசு முட்டையிடும் அன்றோ! தானியம் தர விரும்புவோர் கம்போ நொய்யோ ஒரு கைப்பிடி தூவலாம். உப்பும் காரமும் சேர்ந்த மிச்சங்கள் வேண்டா. சிட்டுக்குருவி தன் குஞ்சுகளுக்குப் புழு பூச்சிகளையே பெரிதும் ஊட்டுகிறது. ஆதலால் தோட்டத்தில் பூச்சிமருந்து தெளிக்காதிருப்பதும் உணவிடுதலே. தேன்சிட்டுக்கு ஒரு செம்பருத்திச் செடி போதும்.

இனி, நம் பகுதிக்கே உரிய சங்கடம் ஒன்று. பறவை அஞ்சுவது வெடியோசைக்கு. நம் மக்கள் உண்பது அவ்வெடியால். 1985-ஆம் ஆண்டு வரை நம்மோடு ஒரே இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்து, இன்று சிவகங்கை மாவட்டத்தில் உள்ளது வேட்டங்குடி. அங்குள்ள கண்மாய்கள் 1977-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. நத்தைகுத்தி நாரையும் கரண்டிவாயனும் வக்காவும் அங்கே கூடு கட்டுகின்றன. அருகிலுள்ள கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் அப்பறவைகளின் பொருட்டுப் பல்லாண்டுகளாகத் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை.

இதனை ஒரு ஞாயிறு மறையுரையில் கூறினோம். திருப்பலி முடிந்ததும் ஆலைத் தொழிலாளி ஒருவர் வந்து, “சாமி, எல்லா ஊரும் இப்படிச் செய்தால் எங்கள் அடுப்பு எரியுமா?” என்று கேட்டார். நேர்மையான கேள்வி. நம்மிடம் உடனே விடை இல்லை. குருவியைக் காட்டி ஒரு குடும்பத்தின் உலையை அணைக்க நமக்கு உரிமை ஏது?

விடையை அவரே அவ்வாண்டுத் திருவிழாவின்போது தந்தார். தேர்ப்பவனியன்று கோயில் ஆலமரத்தடியில் வெடிக்கட்டுகளைக் கொளுத்துவது வழக்கம். மாலையில் அம்மரத்தில் மைனாக்கள் கூட்டங்கூட்டமாய் அடையும். “மரத்தடியில் வேண்டாம் சாமி. வெடியைப் பொட்டல் காட்டுக்குக் கொண்டுபோய், பொழுது சாயும் முன் முடிப்போம். இங்கே பூவாணமும் மத்தாப்பும் கொளுத்துவோம். அவையும் நாங்கள் செய்பவைதானே?” என்றார். அவ்வாறே செய்தோம். அன்றிரவு மைனாக்கள் மரத்தைவிட்டுப் பறக்கவில்லை.

காசுக்கு இரண்டு விற்கப்படும் குருவியையும் தந்தையாம் இறைவன் மறப்பதில்லை என்று நம் ஆண்டவர் மொழிந்ததை நாம் அறிவோம். குருவிகளை நேசித்த அசிசி நகர்ப் புனித பிரான்சிசைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1979-இல் சூழலியலின் பாதுகாவலராக அறிவித்தார். அப்புனிதர் ஏழையாய் வாழ்ந்தவர், இல்லாமையிலிருந்தே ஈந்தவர். தண்ணீருக்குக் காத்திருக்கும் தெருவில் வைக்கப்படும் மண்சட்டியும் அத்தகைய ஈகையே.

கத்திரி வெயில் தொடங்கும் முன் நம் இல்லங்கள் ஒவ்வொன்றின் முன்னும் ஒரு சட்டி இருக்கட்டும். நீர் ஊற்றும் பொறுப்பைக் குழந்தைகளிடம் ஒப்படைப்போம். நம் குடத்து நீரில் இரண்டு விரற்கடை குறைவதால் நாம் வறியவராகிவிட மாட்டோம்.