கொல்லைப்புறத்தில் ஒரு கப்பல்!

கப்பல் என்றால் துறைமுகத்தில்தான் கட்டுவார்கள் என்று நினைக்கிறீர்களா? அமெரிக்காவில், கலிபோர்னியாவைச் சேர்ந்த காஸ்டா மீஸா என்னும் ஊரில் 1970களில் வெஸ்ட்செயில் என்ற கம்பெனி இருந்தது. கண்ணாடி இழையையும் பிசினையும் அச்சில் படியவைத்துச் செய்த 32 அடிப் பாய்மரப் படகின் வெறும் ஓட்டைக்கூட அது விற்றது. வாங்கியவர் அதைக் கொல்லையில் இறக்கிக்கொண்டு, உள்வேலையைத் தாமே செய்துகொள்ள வேண்டியது. வீட்டு அம்மாள் துணி உலர்த்த எங்கே போனாளோ, பாவம்!

உள்வேலை என்றதும் மெத்தை, அலமாரி என்று எண்ணிவிடாதீர்கள். முதலில் நிற்க வேண்டியவை குறுக்குத் தடுப்புப் பலகைகள். மூங்கிலுக்குள் கணு இருக்கிறதல்லவா, அப்படி. ஓடு நெளியாமல் பிடித்து நிறுத்துபவை அவைதாம். கோணலாக நிற்கும் ஓட்டில் பலகையைப் பொருத்திவிட்டால், கோணல் ஆயுசுக்கும் போகாது!

ரவிக்கைக்குக் காகிதத்தில் மாதிரி வெட்டுகிறோமே, அதேபோல் ஓட்டின் வளைவுக்கு முதலில் அட்டையில் வெட்டிப் பார்ப்பார்கள். பிறகுதான் பிளைவுட்டில் ரம்பம் படும்.

பலகை ஓட்டோடு இறுக்கமாக ஒட்டி நின்றால்தானே பலம் என்று தோன்றும்? அதுதான் இல்லை! அலை மோதும்போது ஓடு சற்றே வளைந்து கொடுக்கும். பலகையின் விளிம்பு முட்டுகிற இடத்தில் மட்டும் வளைய முடியாது. நாளடைவில் அந்தக் கோட்டிலேயே விரிசல் காணும். ஆகவே சுற்றிலும் சிறிது இடைவெளி விட்டு, நுரைப் பட்டையைச் செருகுகிறார்கள். மூலையில் கெட்டியான பிசின் பசையைச் சரிவாக வழித்து, இருபுறமும் கண்ணாடி இழைத் துணியை ஒன்றைவிட ஒன்று அகலமாக அடுக்கி ஒட்டுகிறார்கள். ஒட்டுமுன் ஓட்டைத் தேய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டும். சோம்பினால் துணி பிற்பாடு வாழைப்பட்டைபோல் உரிந்துவரும். நடுக்கடலில் உரிந்தால் யாரைக் கூப்பிடுவது? பிசினின் நெடியோ தலையைச் சுற்றவைக்கும். முகமூடி இல்லாமல் கிட்டே போகலாகாது.

1991 அக்டோபரில் அட்லாண்டிக் சமுத்திரத்தில் எழுந்த பெரும் புயலில் ‘ஸடோரி’ என்ற 32 அடி வெஸ்ட்செயில் படகு சிக்கிக்கொண்டது. அதிலிருந்த மூவரில் இருவர் பெண்கள். கடலோரக் காவல் படையினர் மூவரையும் மீட்டார்கள். படகை அப்படியே விட்டுவிட்டார்கள். சில நாள் கழித்து அது மேரிலாந்து மணற்கரையில், மூழ்காமல் உடையாமல், தானே வந்து ஒதுங்கிக் கிடந்தது. சொந்தக்காரர் அதை மறுபடியும் தண்ணீரில் இறக்கினார்.