மூன்று விரல் நுழையுமா?

ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து, வாயைத் திறந்து முன்பற்களுக்கு நடுவே விட்டுப் பாருங்கள். தாராளமாக நுழைந்தால் நல்லது. ஒரு விரலுக்கே இடம் இல்லை என்றால், அது ஆபரேஷனுக்கு முன்பே மயக்க மருத்துவருக்குத் தெரிந்தாக வேண்டிய சேதி.

சேலம், நாமக்கல் பக்கம் இதை அழுத்திச் சொல்லக் காரணம் பாக்கு. தறிக்கூடத்திலும் லாரியிலும் ராத்திரி தூக்கத்தைக் கலைக்கப் பாக்கு மெல்லுகிறார்கள். குட்காவுக்கு 2013-லேயே தடை வந்தது, கிடைக்காமலா இருக்கிறது? வருஷக்கணக்கில் மென்றால் கன்னத்தின் உட்சதை வெளுத்து, நார்போல இறுகிப்போகும். குழம்பின் காரம் பட்டாலே வாய் எரியும். போகப் போக வாயே சரியாகத் திறக்காது. ஃப்ளோரைடு மிகுந்த போர்வெல் தண்ணீரை நெடுநாள் குடித்துக் கழுத்து விறைத்தவர்களுக்கும் கழுத்தை வளைக்க முடியாத சிக்கல் உண்டு.

முழு மயக்கத்துக்கு மருந்து போட்டதும் பெரும்பாலும் நம் மூச்சு நின்றுவிடும். தொண்டை வழியாக டியூப் இறக்கி மருத்துவர்தான் மூச்சு கொடுக்கிறார். டியூபும் போகாமல், மாஸ்க் வழியாகவும் காற்று ஏறாமல் போனால், சில நிமிடங்களிலேயே மூளை பாதிக்கப்படும்.

இங்கிலாந்தில் 2005-ல், சைனஸ் ஆபரேஷனுக்குப் போன 37 வயது எலைன் ப்ரோமிலிக்கு இதுதான் நடந்தது. கழுத்தில் துளையிட்டுக் காற்று கொடுக்கும் கருவியை நர்ஸ்கள் எடுத்து வந்துவிட்டார்கள். மருத்துவர்களோ டியூப் போடும் முயற்சியையே தொடர்ந்தார்கள். 13 நாள் கழித்து எலைன் இறந்துபோனார். நம் நாட்டின் ஆல் இந்தியா டிஃபிகல்ட் ஏர்வே அசோசியேஷன் 2016-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், டியூப் போட மூன்று முயற்சிதான் என்று வரம்பு கட்டுகிறது.

இப்போது வீடியோ லாரிங்கோஸ்கோப் வந்திருக்கிறது. பிளேடின் நுனியில் கேமரா. குரல்வளை திரையில் தெரியும், கழுத்தை அதிகம் வளைக்க வேண்டியதில்லை. நல்ல கருவிதான், ஆனால் அந்த பிளேடு நுழையவும் வாய் திறக்க வேண்டுமே! பாக்கு இறுக்கிய வாய்க்கு, தொண்டையை மரக்கச் செய்து, ஆள் விழித்திருக்கும்போதே மூக்கு வழியாக ஃபைபர் ஆப்டிக் குழாயை விட்டு டியூப் போடுவார்கள். அதற்குப் பழகிய கை வேண்டும், முன்கூட்டிய திட்டமும் வேண்டும். மேசையில் படுத்த பிறகு யோசித்தால் ஆகாது.

சின்ன நர்சிங் ஹோம்களில் மயக்க மருத்துவர் அழைத்தால் வந்து போகிறவராகத்தான் பெரும்பாலும் இருப்பார். முதல் நாளே அவர் உங்களைப் பார்ப்பாரா, வாயையும் கழுத்தையும் சோதிப்பாரா என்று கேளுங்கள். டியூப் போகாவிட்டால் மாற்று என்ன என்றும் கேளுங்கள். கேட்பது உரிமை, போதிய விவரம் சொல்லாமல் வாங்கும் சம்மதம் செல்லாது என்பது 2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வசதி இல்லை என்றால் சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனை போன்ற பெரிய இடத்துக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். நீங்களும் பாக்குப் பழக்கம், ஆடும் பல், குறட்டை எதையும் மறைக்காதீர்கள். வெறும் வயிறாக இருக்க வேண்டிய நேரத்தில் 'டீ மட்டும்தான் குடித்தேன்' என்றாலும் அதையும் சொல்லிவிடுங்கள்.

எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது ஒரு துண்டுக் காகிதம். டியூப் போடச் சிரமப்பட்டிருந்தால், என்ன சிரமம், எந்தக் கருவியில் முடிந்தது என்பதை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதி வாங்குங்கள். அடுத்த ஆபரேஷன், நீங்கள் சங்ககிரி ரோட்டில் அடிபட்டு நினைவில்லாமல் கிடக்கும்போது, வேறொரு மருத்துவமனையில் நடக்கலாம். இதை யாருமே கேட்டு வாங்குவதில்லை.

விபரீதம் நடந்துவிட்டால் முதலில் சிகிச்சை ஆவணங்களை எழுத்தில் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். கட்டணம் கட்டிய சிகிச்சை என்றால், இரண்டு ஆண்டுக்குள் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. மருத்துவரின் நடத்தை குறித்துத் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் முறையிடலாம். எல்லாருக்கும் இலவசமாகப் பார்க்கும் மருத்துவமனை நுகர்வோர் சட்டத்தில் வராது. அங்கே டீனிடமோ 104 எண்ணிலோ புகார் செய்யலாம், ஆவணங்களைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்.

மரணம் எல்லாமே அலட்சியம் ஆகிவிடாது. முன்னரே சோதித்தார்களா, மாற்று ஏற்பாடு இருந்ததா, நடந்ததை நேரத்தோடு எழுதினார்களா என்பதில்தான் வழக்கு நிற்கும். மரணத்தின் காரணத்தில் சந்தேகம் இருந்தால், அழுகைக்கு நடுவிலும் பிரேதப் பரிசோதனையை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். ஆத்திரத்தில் கண்ணாடியை உடைத்தால், 2008-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி வழக்கு உங்கள் மேல்தான் பாயும்.