தட்டைத் திரையும் காலக்கணக்கும்

கர்நாடக மாநிலத்தின் கோலார் தங்கவயலுக்குச் சிவசமுத்திரத்திலிருந்து 1902ஆம் ஆண்டிலேயே மின்சாரம் வந்தது. அங்குள்ள சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமுடையது. சுரங்கத்தில் தொழிலாளர்களை இறக்கி ஏற்றிய கூண்டு மணிக்குறிப்புக்கு ஏற்பவே இயங்கியது. ஆட்கள் ஏறி இறங்குவதற்காக நிற்கும் நேரத்தையும் சேர்த்தே ஒரு நடையைக் கணக்கிட வேண்டியிருந்தது. கணினித் திரையின் செயற்பாடும் இத்தகையதே.

தட்டைத் திரையில் படப்புள்ளிகள் நிலையாகப் பதிக்கப்பட்டுள்ளன. 1920 × 1080 அளவுடைய திரையில் அவை 20,73,600 ஆகும். கணினி, இவற்றுக்கான குறிப்பலைகளை வரிவரியாக அனுப்புகிறது. ஒவ்வொரு வரியின் முடிவிலும், ஒவ்வொரு படத்தின் முடிவிலும் சிறிது ஓய்வு உண்டு. பழைய குழாய்த் திரையில் மின்னணுக் கற்றை தொடக்கத்திற்குத் திரும்ப இவ்வோய்வு தேவைப்பட்டது. கற்றை இல்லாத தட்டைத் திரையிலும் அவ்வழக்கம் தொடர்கிறது. ஓய்வையும் சேர்த்தால், பொதுத் தர அளவின்படி ஒரு வரிக்கு 2200 புள்ளிகளின் நேரமும், ஒரு படத்திற்கு 1125 வரிகளின் நேரமும் ஆகும். நொடிக்கு 60 படங்கள் எனில், 2200 × 1125 × 60 = 14,85,00,000. இதுவே 148.5 மெகாஹெர்ட்ஸ் எனப்படும் புள்ளி வேகம்.

திரை தன் அளவையும் வேகத்தையும் கம்பிவடம் வழியே கணினிக்குத் தானே தெரிவிக்கும். அச்செய்தி தடைப்பட்டாலோ, பயன்படுத்துவோர் திரை ஏற்காத வேகத்தைத் தேர்ந்தெடுத்தாலோ திரை இருண்டுவிடும். உடனே பழுதென்று எண்ணி அதனை ஒதுக்கிவிடலாகாது. விண்டோஸ் கணினியில் எந்த விசையையும் அழுத்தாமல் 15 நொடி காத்திருந்தால் பழைய அமைப்பு தானே திரும்பும். பின்னர், திரைக்குப் பரிந்துரைக்கப்பட்ட அளவைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

அளவு குறைந்தால் திரை இருளாது. ஆயினும் எழுத்து மங்கும். ஒரு புள்ளிக்குரிய நிறம் பல புள்ளிகளில் பரவுவதே காரணம். தமிழுக்கு இது பெருங்குறை. மெய்யெழுத்தின் புள்ளி மங்கினால் ‘பல்’ என்பது ‘பல’ என்றாகும். ‘கல்’ என்பது ‘கல’ என்றாகும். படிப்போர் பொருளை மாற்றி உணர்வர். எனவே, திரையைச் சரியாக அமைத்தல் கண்ணுக்கு மட்டுமன்று, மொழிக்கும் நன்மை பயக்கும்.

சிந்தித்து விடை எழுதுக:
1. தட்டைத் திரை இருண்டால் முதலில் செய்ய வேண்டுவது யாது?
2. புள்ளி மங்கினால் பொருள் மாறும் சொற்கள் இரண்டினை நீவிர் எழுதுக.