மீன்தொட்டியில் கரைந்த செடி சாடியில் பூத்தது

பத்து ரிங்கிட் கொடுத்து வாங்கிய செடி நான்கே நாளில் கூழாகிப் போனால் உங்களுக்கு எப்படி இருக்கும்? நான் படிவம் நான்கில் படித்தபோது, பத்தாங் காலியில் எங்கள் வீட்டு மீன்தொட்டியில் அதுதான் நடந்தது. செடியின் பெயர் கிரிப்டோகோரைன் வெண்ட்டியை. சேம்பு, கருணைக்கிழங்கின் குடும்பம், தாயகம் இலங்கை.

"நாறுது, தூக்கிப் போடு" என்றார் அம்மா. போடத்தான் போனேன். ஆனால் இலைகள் கரைந்திருந்தாலும் வேர்த்தண்டு உறுதியாகவே இருந்தது.

காரணம் பிறகுதான் புரிந்தது. விற்பனைக்கான இச்செடிகளைப் பெரும்பாலும் நீருக்கு வெளியே, ஈரக் காற்றில் வளர்க்கிறார்கள். காற்றில் விட்ட இலை தண்ணீருக்குள் தாங்காது. அதை உதிர்த்துவிட்டுச் செடி புது இலை விடும். அவசரப்பட்டுப் பிடுங்குவதுதான் நாம் செய்யும் தவறு.

வேர்த்தண்டில் பாதியைத் தொட்டியிலேயே விட்டேன். மீதியைச் சேறு நிரப்பிய சாடியில் நட்டு, வேர் நனையும் அளவு நீர் விட்டு, மூடி, நிழலில் வைத்தேன். பல மாதங்களுக்குப் பின் மண்ணையொட்டி, முறுக்கிய நாக்கு போலப் பழுப்பாக ஒன்று எட்டிப் பார்த்தது. பூ!

சரியாகச் சொன்னால் அது பூவல்ல, பூக்களை மூடிய மடல். குழாய்க்கு அடியில் சிறு குடுவை; அதற்குள் கீழே பெண் பூக்கள், மேலே ஆண் பூக்கள். வாடைக்கு மயங்கி நுழையும் குட்டி ஈ உள்ளே மாட்டிக்கொள்ளும். முதலில் தயாராவது பெண் பூ; ஈ சுமந்து வந்த மகரந்தம் அதில் ஒட்டும். பிறகு ஆண் பூ மகரந்தம் உதிர்த்த பின்தான் ஈக்கு விடுதலை! கிரிப்டோகோரைன் என்ற கிரேக்கப் பெயருக்கே 'மறைந்திருக்கும் தடி' என்றுதான் பொருள்.

எனக்கு விதை கிடைக்கவில்லை. கவலையுமில்லை. வல்லாரையைப் போல இதுவும் ஓடுதண்டு விட்டுப் பக்கத்தில் கன்று ஈனும். நான்கைந்து இலையும் சொந்த வேரும் வந்ததும் வெட்டிப் பிரித்து நடலாம்.

இதே இனத்தில் அஃபினிஸ் என்றொரு வகை உண்டு. உலகில் அது இயற்கையாக வளர்வது தீபகற்ப மலேசியாவில் மட்டுமே. ஓடையில் இப்படி ஒன்றைக் கண்டால் பிடுங்கி வரக் கை பரபரக்கும், எனக்கும் பரபரத்திருக்கிறது. கன்று பிரிக்கத் தெரிந்த பிறகு அந்த ஆசை போய்விட்டது.

முதல் சாடியிலிருந்து இதுவரை பதினொரு கன்றுகள். இரண்டு இப்போது அம்மாவின் சமையலறை ஜன்னலில்.