கைக்கு எட்டும் கருவிகள்

நுழையும்முன்

மிதிவண்டியின் சங்கிலி கழன்றால் நொடியில் மாட்டிவிடுகிற கை, அதே வண்டியின் மிதிகட்டை தளர்ந்துவிட்டால் செய்வதறியாது நின்றுவிடுகிறது. குறை கையில் இல்லை. கையோடு சேரவேண்டிய கருவியும் அதன் பழக்கமும் இல்லாமையே குறை. வாகனம் நிறுத்தும் கொட்டகையின் ஒரு மூலையிலோ மாடிப்படியின் கீழோ அமைக்கத்தக்க சிறு பணிக்கூடத்துக்கு எவை தேவை, அவை ஏன் தேவை என்பதை விளக்குகிறது இப்பாடம்.

அமெரிக்காவின் பாலோ ஆல்டோ நகரில், ஒரு வீட்டின் வாகனக் கொட்டகையில், வில்லியம் ஹியூலெட், டேவிட் பேக்கர்ட் என்னும் இரு நண்பர்கள் 538 டாலர் முதலீட்டில் தொழில் தொடங்கி, 1939ஆம் ஆண்டில் அதனை நிறுவனமாக்கினர். அங்கு அவர்களிடம் இருந்தவற்றுள் குறிப்பிடத்தக்க பொறி, ஒருவர் பயன்படுத்திக் கைமாறி வந்த துளையிடும் பொறி ஒன்றே. அந்தக் கொட்டகையில் உருவான அலையியற்றியின் அடுத்த வடிவத்தை வால்ட் டிஸ்னி நிறுவனம் எட்டு எண்ணிக்கையில் வாங்கியது. நம் நாட்டில், பள்ளிக்கல்வியை மிகக் குறைவாகவே பெற்ற கோவை ஜி.டி. நாயுடு (1893–1974), இளமையில் மோட்டார் சைக்கிள் ஒன்றைச் சொந்தமாக வாங்கி, அதனைப் பிரித்துப் போட்டு, மீண்டும் பூட்டிப் பார்த்தே எந்திரங்களின் இயல்பைக் கற்றார். இவர்களுக்கு வாய்த்த இடமும் சிறிது, கருவிகளும் சில.

இன்று வீட்டில் பணிக்கூடம் அமைக்க விரும்புவோர் பெரும்பாலும் செய்வது வேறு. கடைக்குச் சென்று, நூறு உருப்படிகள் அடங்கிய பளபளப்பான பெட்டி ஒன்றை வாங்கி வருகின்றனர். அவற்றுள் பத்துக்கூட முழுமையாகப் பயன்படுவதில்லை. பயன்படும் பத்தும் மட்டமான இரும்பினால் ஆனவையாக இருந்துவிட்டால், வேலையைத் திருத்துவதற்கு மாறாகக் கெடுத்துவிடுகின்றன. நானும் அவ்வாறு ஒரு பெட்டி வாங்கியவன்தான். அதிலிருந்த திருப்புளியின் முனை மூன்றாம் நாளே மழுங்கி, இறுகிய திருகாணி ஒன்றின் தலையையும் தேய்த்துவிட்டது. அத்திருகாணியை வெளியே எடுக்க அரைநாள் ஆயிற்று.

பணிக்கூடத்தில் நடைபெறும் செயல்கள் எவ்வளவு பலவாகத் தோன்றினும், அவை அளத்தல், பிடித்தல், வெட்டுதல், பூட்டுதல் என்னும் நான்கினுள் அடங்கும். நம் கண்ணும் பணமும் முதலில் வெட்டும் பொறிகளையே நாடுகின்றன. ஆயின், செய்த பொருள் செம்மையாக அமைவதும் சிதைவதும் பெரும்பாலும் முதலிரு செயல்களாலேயே உறுதிப்படுகின்றன.

அளவே முதல்

ஓர் எஃகு அளவுகோல், ஓர் அளவு நாடா, ஒரு மூலைமட்டம், ஒரு ரசமட்டம் ஆகிய நான்கும் முதல்நாளே வாங்க வேண்டியவை. இவற்றுள் மூலைமட்டத்தை வாங்கும்போதே சோதித்துவிடலாம். நேரான விளிம்புடைய பலகையின்மீது அதனைச் சார்த்தி ஒரு கோடு வரைக. பின்னர் மூலைமட்டத்தை மறுபக்கமாகப் புரட்டி, அதே புள்ளியிலிருந்து மீண்டும் ஒரு கோடு வரைக. இரு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தினால் கருவி மெய், விலகினால் பொய். விலகும் அளவு கருவியின் பிழையைப்போல் இருமடங்காகக் கண்ணுக்குத் தெரியும் என்பதே இச்சோதனையின் நுட்பம். ரசமட்டத்தையும் இவ்வாறே முனைமாற்றி வைத்துப் பார்க்கலாம். குமிழி இருமுறையும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். பெயரில் ‘ரசம்’ இருந்தாலும் இன்றைய ரசமட்டத்தில் பாதரசம் இல்லை. சாராய வகையைச் சார்ந்த நீர்மமும் ஒரு காற்றுக்குமிழியும் மட்டுமே உள்ளன.

இயற்பியல் ஆய்வகத்தில் நீங்கள் கையாளும் வெர்னியர் அளவி, பணிக்கூடத்தில்தான் தன் முழுப்பயனைக் காட்டும். பிரெஞ்சுக் கணித அறிஞர் பியர் வெர்னியர் 1631இல் வெளியிட்ட முறையை அடிப்படையாகக் கொண்ட இக்கருவி, ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பகுதியை எளிதாகப் படித்துச் சொல்கிறது. 6 மில்லிமீட்டர் மரையாணி ஒன்றை இரும்புத் தகட்டில் மரையிட்டுப் பூட்ட வேண்டுமெனக் கொள்வோம். அதன் மரைகளுக்கு இடையேயுள்ள தொலைவு 1 மில்லிமீட்டர். எனவே, முதலில் இடவேண்டிய துளை 5 மில்லிமீட்டர். துளை அதனினும் பெரிதானால் மரை பற்றாது. சிறிதானால் மரையிடும் கருவி உள்ளேயே ஒடிந்துவிடும். துளைமுனையின்மீது பொறித்த எண் அழிந்துபோயிருந்தால் அதனை அளந்து அறிய வெர்னியர் அளவியே துணை.

அளந்ததைக் குறிப்பதிலும் கவனம் வேண்டும். மழுங்கிய பென்சிலால் இட்ட கோட்டின் தடிப்பே ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு இருக்கும். அக்கோட்டின் எந்தப் பக்கத்தில் அறுப்பது? ஆதலால் தச்சர்கள் நுட்பமான பொருத்துகளுக்குக் கத்திமுனையால் கீறுகின்றனர். அக்கீறலிலேயே உளியின் முனை தானாகச் சென்று அமர்கிறது.

தெரிந்து தெளிவோம்

பெரிய மூலைமட்டம் இல்லாதபோதும் செங்கோணத்தைச் சரிபார்க்கலாம். ஒரு மூலையிலிருந்து ஒரு பக்கத்தில் 3 அடியும் மறுபக்கத்தில் 4 அடியும் அளந்து குறிக்க. இரு குறிகளுக்கும் இடைப்பட்ட தொலைவு சரியாக 5 அடியாயின் அம்மூலை செங்கோணம். கொத்தனார் அடித்தளத்துக்குக் கயிறு கட்டும்போது கையாளும் முறை இது; வகுப்பறையில் இதற்குப் பிதாகரஸ் தேற்றம் என்று பெயர்.

பிடிக்கும் கை

எங்கள் தெருவில் இருந்த முதிய தச்சர் ஒருவரிடம் விடுமுறை நாள்களில் போய் அமர்வேன். ஒருநாள் சிறு மரத்துண்டை இடக்கையில் பிடித்துக்கொண்டு வலக்கையால் திருப்புளியை அழுத்தினேன். முனை வழுக்கி உள்ளங்கையில் இறங்கியது. கட்டுப்போட்டுவிட்டு அவர் சொன்னார்: “தம்பி, ரெண்டு கையும் வேலை செய்யணும். பிடிக்கிற வேலையைப் பட்டறைக்கு விட்டுடு.” அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது.

பணிமேசையின் விளிம்பில் பொருத்தப்படும் வைஸ் என்னும் பிடிகருவியே பணிக்கூடத்தின் உண்மையான முதலீடு என்பது என் கருத்து. வீட்டுப் பணிகளுக்கு 4 அங்குலத் தாடையுடைய வார்ப்பிரும்பு வைஸ் போதும். அதன் மேல்விளிம்பு, நிற்பவரின் முழங்கை உயரத்துக்கு அமைய வேண்டும். தாழ்ந்தால் முதுகு வலிக்கும். உயர்ந்தால் அரத்துக்கு அழுத்தம் கிடைக்காது. மென்மையான பொருள்களைப் பிடிக்கும்போது தாடைகளின் பற்கள் பதியாதிருக்க, அலுமினியத் தகட்டை வளைத்து இருபுறமும் மாட்டிக்கொள்ளலாம். புதிது வாங்க இயலாதோர் பழைய இரும்புக்கடைகளைத் தேடிப் பார்க்கலாம். தாடையில் விரிசல் இல்லாமலும் திருகுத்தண்டு தேயாமலும் இருந்தால், துருவேறிய பழைய வைஸ் புதியதற்குச் சற்றும் தாழ்ந்ததன்று. மரவேலைக்கு இதனுடன் கிளாம்ப் இரண்டு வேண்டும். ஒன்று போதாது, ஒரே இடத்தில் பிடித்த பலகை அதனையே அச்சாகக்கொண்டு சுழன்றுவிடும்.

கூர்மை

இரும்பறுக்கும் ஹேக்ஸாவின் அலகை வாங்கும்போது, ஓர் அங்குலத்தில் எத்தனை பற்கள் எனக் கேட்டு வாங்க வேண்டும். 18, 24, 32 என அவை வேறுபடும். வெட்டப்படும் பொருளின் தடிப்பில் ஒரே நேரத்தில் மூன்று பற்களேனும் படிந்திருக்க வேண்டும் என்பது நெடுநாள் அனுபவத்தில் விளைந்த விதி. 2.5 மில்லிமீட்டர் தடிப்புள்ள குழாயை 18 பல் அலகால் அறுத்தால், இரண்டு பற்கள்கூட முழுமையாகப் படிவதில்லை. குழாயின் விளிம்பு பற்களுக்கு இடையே சிக்கிப் பற்களை உடைத்துவிடும். 32 பல் அலகில் மூன்று பற்கள் படியும். பற்களின் முனை, பிடிக்கு எதிர்ப்புறமாக நோக்கியிருக்குமாறு அலகை மாட்ட வேண்டும். அப்போதுதான் முன்னோக்கித் தள்ளும்போது அது வெட்டும்.

அரமும் முன்னோக்கிச் செல்லும்போது மட்டுமே தேய்க்கும். பின்னிழுக்கும்போது அழுத்துவோர் அரத்தின் பற்களையே தேய்க்கின்றனர். அரம் நமக்குப் புதிய கருவியன்று. திருக்குறளில் மூன்று இடங்களில் அது வருகிறது. உட்பகை ஒரு குடியைத் தேய்ப்பதற்கும், கடுஞ்சொல் மன்னனின் வலிமையைத் தேய்ப்பதற்கும், அறிவின் கூர்மைக்கும் வள்ளுவர் அரத்தையே காட்டுகிறார். பட்டறையில் நின்று பார்த்தவரே அறியத்தக்க செய்தி ஒன்று அவற்றுள் உண்டு. அரம் இரும்பை ஒரே வெட்டில் பிளப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாமல் சிறிது சிறிதாகத் தேய்த்தே அழிக்கிறது. பிடியில்லாத அரத்தை எக்காலத்தும் கையாளலாகாது. அதன் வால்முனை உள்ளங்கையைத் துளைத்துவிடும்.

மழுங்கிய உளி தீங்கற்றது என்று எண்ணுவது இயல்பு. உண்மை அதற்கு மாறானது. கூரான உளி சிறு அழுத்தத்திலேயே மரத்தைச் சீவிச் செல்லும். மழுங்கியதோ மிகுந்த விசையைக் கேட்கும். மிகுந்த விசையுடன் வழுக்கும் உளி எங்குப் பாயும் என்று சொல்ல இயலாது. எனவே, உளி வாங்கும் நாளிலேயே சாணைக்கல்லும் வாங்க வேண்டும். விளிம்பை ஏறத்தாழ 25 பாகைச் சாய்வில் தீட்டுவது பொதுவழக்கு. மின்சாணையில் தீட்டுவோர் உளியை அடிக்கடி நீரில் தோய்த்தெடுக்க வேண்டும். சூடேறிய எஃகின் முனையில் முதலில் வைக்கோல் நிறமும், ஏறத்தாழ 300 பாகை செல்சியஸில் நீல நிறமும் தோன்றும். நீலம் படர்ந்த முனை தன் கடினத்தன்மையை இழந்துவிட்டது. அப்பகுதியை முற்றிலும் தேய்த்து நீக்கினாலன்றி அது மீண்டும் கூர்மையைத் தாங்காது.

பூட்டும் திறம்

கூட்டல் குறி வடிவத் தலையுடைய திருகாணிகள் 1930களில் ஹென்றி பிலிப்ஸ் என்பவரால் பரவலாயின. அவற்றுக்குரிய திருப்புளிகளுக்கு அளவெண்கள் உண்டு. வீட்டில் காணும் பெரும்பாலான திருகாணிகளுக்கு 2ஆம் எண் பொருந்தும். சிறிய 1ஆம் எண்ணைக் கொண்டு பெரிய திருகாணியைத் திருப்பியதே முன்னர்க் கூறிய என் அரைநாள் துன்பத்துக்குப் பாதிக் காரணம். ஸ்பேனர்களில் 6 மில்லிமீட்டர் மரையாணிக்கு 10ஆம் எண்ணும், 8 மில்லிமீட்டருக்கு 13ஆம் எண்ணும் பொதுவாகப் பொருந்தும்.

சிறிய ஸ்பேனர்கள் குட்டையாகவும் பெரியவை நீளமாகவும் இருப்பது ஏன் என எண்ணியதுண்டா? திருப்பு விசை என்பது விசையையும் அச்சிலிருந்து அது செயல்படும் தொலைவையும் பொறுத்தது. 20 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் முனையில் 100 நியூட்டன் விசையைச் செங்குத்தாகச் செலுத்தினால் 20 நியூட்டன் மீட்டர் திருப்பு விசை கிடைக்கும். வலிமையான 6 மில்லிமீட்டர் எஃகு மரையாணிக்கு ஏறத்தாழ 10 நியூட்டன் மீட்டரே போதும். ஸ்பேனரின் பிடியில் குழாயைச் செருகி நீளத்தைக் கூட்டிச் சிறு மரையாணிகளை முறுக்குவோர், அவற்றின் கழுத்தை முறித்துவிடுவது இதனால்தான்.

தொடக்கத்தில் கூறிய மிதிகட்டைக்கு வருவோம். வலப்பக்க மிதிகட்டையின் மரை வழக்கமானது; இடப்பக்கத்தினது எதிர்முகமாக வெட்டப்பட்டது. மிதிக்க மிதிக்கத் தானே கழன்றுவிடாதிருக்கச் செய்த ஏற்பாடு இது. இதனை அறியாமல் கழற்ற முயல்வோர் முழு வலிமையையும் செலுத்தி மேலும் இறுக்கிக்கொண்டிருப்பர்!

மின்பொறிகளும் உடற்காப்பும்

மின்பொறிகளுள் முதலில் வேண்டுவது கையில் பிடித்துத் துளையிடும் டிரில். சிறு துளைமுனைக்கு மிகுந்த வேகமும், பெரிய துளைமுனைக்குக் குறைந்த வேகமும் தேவை. ஆங்கிள் கிரைண்டர் என்னும் வெட்டுப்பொறியைச் சில காலம் கழித்தே வாங்கலாம் என்பேன். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள அதன் வட்டு, நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 முறை சுழல்கிறது. அவ்வட்டின் விளிம்பு நொடிக்கு 57 மீட்டர், அதாவது மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் செல்கிறது. வட்டு உடைந்தால் அதன் சில்லும் அதே வேகத்தில்தான் பறக்கும். கண்ணை இமை காக்கும் என்பது இங்கே பொருந்தாது. இமை மூடுவதற்குள் சில்லு வந்து சேர்ந்துவிடும். கண்காப்புக் கண்ணாடி அணியாமலும் பொறியின் காப்புத் தகட்டைக் கழற்றிவிட்டும் இப்பொறியை இயக்கலாகாது. சுழலும் பொறியின் அருகே துப்பட்டா, தொங்கும் வேட்டி, அவிழ்ந்த கூந்தல் ஆகியவை கூடா. நிலையாகப் பொருத்திய துளையிடும் பொறியில் கையுறையும் ஆகாது. துளைமுனை அதனைப் பற்றினால் விரலையும் சேர்த்தே சுற்றிவிடும்.

மூன்று முள் செருகியுடைய பொறிக்கு நிலஇணைப்பு இன்றியமையாதது. இரண்டு முள் மட்டும் உடைய டிரில்லின் உடலில், சதுரத்துக்குள் சதுரம் பொறித்த குறி இருக்கிறதா எனப் பார்க்க. இரட்டைக் காப்புறை உடையது என்பது அதன் பொருள். பணிக்கூடத்து மின்னிணைப்பில் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியைப் பொருத்துவது உயிர்க்காப்பு. தீயைப் பற்றியும் ஒரு சொல்: மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் பூசிய துணியைச் சுருட்டி மூலையில் எறியக்கூடாது. காற்றோடு வினைபுரிந்து தானே சூடேறி, தீப்பொறி எதுவும் இன்றியே அது பற்றிக்கொள்ளும். அதனை வெட்டவெளியில் விரித்து உலர்த்த வேண்டும்.

கருவிகளை வைக்கும் இடம்

கடற்கரை ஊர்களில் ஒரு மழைக்காலம் போதும், பளபளத்த அளவுகோல் செம்மண் நிறமாகிவிடும். தையல் எந்திர எண்ணெய் சில துளிகள் தோய்ந்த துணியால், வேலை முடிந்தபின் ஒவ்வொரு கருவியையும் துடைப்பது ஐந்து நிமிட வேலை. அரங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிக்காமல் தனித்தனியே தொங்கவிட வேண்டும். உராய்ந்தால் ஒன்றன் பல்லை மற்றொன்று கெடுக்கும். சுவரில் ஒரு பலகையை அறைந்து, ஒவ்வொரு கருவிக்கும் ஆணியடித்து, அதன் புறவடிவத்தை வண்ணத்தால் வரைந்து வைத்தல் நலம். மாலையில் விளக்கை அணைக்குமுன் பலகையை ஒருமுறை பார்த்தால் போதும். வெற்று வடிவம் ஒன்று தெரிந்தால், அந்தக் கருவி மரச்சீவல்களுக்குள் கிடக்கிறது. அல்லது பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கிறது.