கதவு எந்தப் பக்கம் திறக்கிறது?

பதுவை அந்தோணியார் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தப் பதுவை இத்தாலியில் இருக்கிறது; பாதுவா என்றும் எழுதுவார்கள். மருத்துவத்தின் வரலாற்றைத் தேடி ஐரோப்பாவுக்குக் கல்விச் சுற்றுலா போகும் மாணவர்கள் பார்க்க வேண்டிய ஊர். அங்கே பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடத்துக்குப் பெயர் 'போ'. அந்த ஊர்ப் பேச்சில் மாடு என்று அர்த்தம்! முன்பு அந்த இடத்தில் மாட்டின் பெயரில் ஒரு சத்திரம் இருந்தது. சத்திரம் போய்விட்டது, பெயர் போகவில்லை.

உள்ளே, 1595-இல் கட்டிய ஒரு மர அரங்கு. அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் முட்டை வடிவில் ஆறு அடுக்குகள் மேலே போகப் போக விரியும். பெரிய புனலுக்குள் விழுந்த எறும்பு மாதிரி இருக்கும் நமக்கு. உட்கார இடமே கிடையாது. அந்தக் காலத்தில் மாணவர்கள் தோளோடு தோள் உரச நின்றபடி, கீழே மேசையில் ஆசிரியர் இறந்தவரின் உடலை அறுத்துக் காட்டுவதைப் பார்ப்பார்கள். அதுவும் குளிர்காலத்தில்தான். ஐஸ் பெட்டி இல்லாத காலமாயிற்றே!

அப்படி அங்கே படித்தவர்களில் ஒருவர், இங்கிலாந்திலிருந்து வந்த வில்லியம் ஹார்வி. 1602-இல் பட்டம் வாங்கினார். அவருடைய ஆசிரியர் ஃபாப்ரிசியஸ், சிரைகள் என்ற இரத்தக் குழாய்களுக்குள் குட்டிக் குட்டிக் கதவுகள் இருப்பதைக் காட்டியவர். வால்வு என்கிறோமே, அதுதான். இரத்தம் இறங்கிக் கைகாலில் தேங்கிவிடாமல் அவை தடுக்கின்றன என்று ஆசிரியர் நினைத்தார். ஹார்விக்கு அது சரியாகப் படவில்லை. கழுத்துச் சிரையிலும் கதவு இருக்கிறதே, அது கீழ்நோக்கி அல்லவா திறக்கிறது? கையோ காலோ கழுத்தோ, எல்லாக் கதவும் இதயத்தின் பக்கமே திறந்தன.

இதை நீங்களே பார்க்கலாம். தாத்தா கைதான் இதற்குத் தோது, நரம்பு நன்றாகப் புடைத்திருக்கும். (நாம் நரம்பு என்றாலும் அது சிரைதான்.) கையைத் தொங்கப் போடச் சொல்லுங்கள். புறங்கையில் ஒரு சிரையை, விரல்களுக்குப் பக்கமாக ஒரு விரலால் அழுத்துங்கள். இன்னொரு விரலால் அங்கிருந்து மணிக்கட்டை நோக்கி மெதுவாக நீவி, அந்த விரலை எடுத்துவிடுங்கள். நடுவில் வால்வு இருந்தால், அதுவரை சிரை காலியாகவே கிடக்கும். மேலே போன இரத்தம் திரும்பி வராது! இப்போது முதல் விரலை எடுங்கள். குபுக்கென்று நிரம்பும். இதற்காகக் கையில் கயிறு கட்டியெல்லாம் பார்க்க வேண்டாம்.

ஹார்வி காலம்வரை, சாப்பாட்டிலிருந்து கல்லீரல் இரத்தம் செய்கிறது, உடம்பு அதைச் செலவழித்துவிடுகிறது என்றுதான் மருத்துவர்கள் நம்பினார்கள். ஹார்வி கணக்குப் போட்டார். இன்றைய அளவில் சொன்னால், இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தைத் தள்ளுகிறது. ஒரு மணி நேரத்துக்கு 300 லிட்டர். வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேனில் பதினைந்து! நாலு இட்லியில் இவ்வளவு இரத்தம் எப்படி ஊறும்? ஆக, அதே இரத்தம்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. 1628-இல் இதைப் புத்தகமாகவே போட்டார்.

ஒன்றுதான் பாக்கி. இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுபோகும் குழாயான தமனியிலிருந்து, அதைத் திரும்பக் கொண்டுவரும் சிரைக்கு இரத்தம் எந்த வழியாகத் தாவுகிறது? வெறுங்கண்ணுக்கு வழி எதுவும் தெரியவில்லை. 1661-இல் மால்பிகி என்ற இத்தாலியர், தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் பார்த்துத் தலைமுடியைவிட மெல்லிய குழாய்களைக் கண்டார். ஹார்வி இறந்து அப்போது நாலு வருஷம் ஆகியிருந்தது.